எதிர் நாற்காலி

இன்டர்வியூவுக்குக் கிளம்புகிறவருக்கு ஆலோசனை சொல்லாதவர் ஊரில் யாரும் இல்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போ. உட்காரச் சொன்ன பிறகு உட்கார். ஃபைலை மடியில் வை, அவர்கள் மேசையில் வைக்காதே. கண்ணைப் பார்த்துப் பேசு, முறைக்காதே. சட்டையை இன் பண்ணு. ஷூ கறுப்பு என்றால் பெல்ட்டும் கறுப்பு. சிரித்த முகமாக இரு, இளிக்காதே. அம்மா பூசிவிட்ட திருநீற்றை வாசலிலேயே துடைத்துவிடு என்பார் ஒரு சித்தப்பா. துடைக்காதே, உள்ளே இருப்பவர் யாரென்று யார் கண்டது என்பார் இன்னொருவர்.

இந்த ஆலோசனைகளில் பாதி மற்ற பாதியை அடித்துவிடும். ஆனாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: எதிரில் இருப்பவர் மனதில் பதிவதும் பதியாததும் போகிறவர் கையில் இருக்கிறது. மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இந்த நம்பிக்கை இல்லை. பதிகிற காரியத்தில் பெரும்பங்கு அந்தப் பக்கத்தில் நடக்கிறது. போகிறவருக்கு மிஞ்சுவது சிறிய இடம். அந்தச் சிறிய இடத்தையும் பயிற்சி என்ற பெயரில் நாம் கெடுத்து வைத்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டிலேயே இது தொடங்கிவிடுகிறது. பிளேஸ்மென்ட் வகுப்பு, குரூப் டிஸ்கஷன், மாக் இன்டர்வியூ, கடைசியாக ஹெச்.ஆர். ரவுண்டு. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றதும் பெயர், ஊர், அப்பா, அம்மா, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு 'ஐ ஆம் எ ஹார்ட் வொர்க்கர், குயிக் லேர்னர், டீம் பிளேயர்'. பலவீனம் என்ன என்று கேட்டால் எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன் என்பதே பலவீனம். ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்றால் இதே நிறுவனத்தில். காலையில் பத்துப் பேரிடம் இதைக் கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தால் ஒருவர் முகமும் நினைவில் நிற்காது. மனதில் பதியக் கற்றுக்கொடுத்த பாடம், யாரும் பதியாதபடி எல்லோரையும் ஒன்றாக்கிவிடுகிறது. பயிற்சி கொடுப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முதல் தலைமுறையாக ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் மனப்பாடமான நாலு வாக்கியம் ஒரு பிடிமானம். அது பிடிமானம் மட்டுமே என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை.

அந்தப் பக்கத்துக்கு வருவோம். ஒருவர் எழுந்து போனதும் குழுவில் முதலில் எழும் கேள்வி, 'ஆள் எப்படி?' பதில் பெரும்பாலும் உடனே வரும். 'நல்ல பையன் சார், தெளிவா இருக்கான்.' அந்தத் தெளிவை விசாரித்துப் பார்த்தால் சில சமயம் வேடிக்கையாக இருக்கும். பையன் அவர் படித்த கல்லூரியில் படித்திருப்பான். அவர் சொன்ன நகைச்சுவைக்குச் சரியான அளவில் சிரித்திருப்பான். தன் இளமைப் படத்தை எதிர் நாற்காலியில் பார்த்தவர், தான் ஆளை எடை போடத் தெரிந்தவர் என்று வீட்டுக்குப் போவார்.

2013இல் ஜேசன் டானா, ராபின் டாஸ், நேதனியல் பீட்டர்சன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களைக் கொண்டு வேறு மாணவர்களை நேர்காணல் செய்யவைத்து, அவர்கள் எவ்வளவு மதிப்பெண் வாங்குவார்கள் என்று கணிக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவில், பதில் சொல்கிறவர்கள் கேள்வியின் பொருளையே பார்க்கவில்லை. கேள்வி எந்த எழுத்தில் தொடங்கும் சொற்களோடு முடிகிறது என்று பார்த்து, அதற்கேற்பக் குத்துமதிப்பாக ஆமாம், இல்லை என்றார்கள். கேள்வி கேட்டவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எதிரில் இருந்தவரைப் புரிந்துகொண்டுவிட்டோம் என்றே நம்பினார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் இதைவிட நன்றாகவே கணித்திருக்கலாம் என்பது முடிவு. மனிதர்கள் எந்தத் துண்டு துணுக்கையும் கோத்துக் கதையாக்கிவிடுவார்கள். கதை கச்சிதமாக அமைந்துவிட்டால் ஆளைத் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

இதைவிடப் பெரிய சோதனை ஒன்று யாரும் திட்டமிடாமலே நடந்தது. 1979இல் ஹூஸ்டனில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 800 பேரை நேர்காணல் செய்து, வரிசைப்படுத்தி, முதல் 350 பேருக்குள்ளிருந்து 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொல்லிவிட்டது. அதற்குள் மேல்வரிசைக்காரர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் 700க்கும் 800க்கும் இடையில் வந்தவர்கள், அதாவது நேர்காணலில் கடைசியில் தள்ளப்பட்டவர்கள். வேறு வழியில்லாமல் அவர்களை எடுத்தார்கள். படித்து முடித்து மருத்துவமனைப் பயிற்சிக்குப் போனபோது இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாதியில் நின்றவர் கணக்கும் ஒன்று, சிறப்புப் பெற்றவர் கணக்கும் ஏறக்குறைய ஒன்று. 1987இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அத்தனை பேராசிரியர்கள் அத்தனை மணிநேரம் உட்கார்ந்து கண்டுபிடித்தது, யாரோடு பேச நன்றாக இருந்தது என்பதை.

இதைப் படித்தபோது எனக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் அந்த ஊர்ச் சபை கல்லில் வெட்டிவைத்த விதிகளில் ஆளைப் பார்த்துப் பேசி எடைபோடும் கட்டமே கிடையாது. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் வீடு. வேதம் கற்றிருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் ஆகாது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் பதவியில் இருந்தவரும் ஆகாது. இந்தச் சல்லடையில் தங்கியவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இதில் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய அளவுக்கு மேலேயே நம் மேடைகள் பெருமைப்பட்டுவிட்டன. அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. மற்றவர் பெயர் குடத்துக்குள் போக வழியே இல்லை. ஆனால் தகுதி உள்ளவர்களுக்குள் யார் மேல் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்ற அடக்கம் அதில் இருக்கிறது. ஹூஸ்டன் பேராசிரியர்களிடம் அது இல்லை. நம் தேர்வுக் குழுக்களிடமும் இல்லை.

அதற்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகங்களுக்குப் போகச் சொல்லவில்லை. நேர்காணலைச் சீர்செய்ய முடியும் என்று காட்டியவர் டேனியல் கானமன். 2002இல் பொருளாதார நோபல் பெறுவதற்குப் பல காலம் முன்பு, 1955இல், இருபத்தொரு வயது லெப்டினன்டாக இஸ்ரேலிய ராணுவத்தில் இருந்தார். புதிதாகச் சேர்கிறவர்களை நேர்காணல் செய்யும் முறை எதையும் கணிக்கவில்லை என்பது அப்போதே தெரிந்திருந்தது. அவர் ஆறு குணங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் கேள்விகள், அதுவும் வாழ்க்கையில் நடந்தவற்றைப் பற்றிய கேள்விகள்: எத்தனை வேலை பார்த்தாய், நேரத்துக்குப் போனாயா, நண்பர்களோடு எவ்வளவு பழகுவாய். ஒரு குணத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நேர்காணல் செய்தவர்களுக்குக் கோபம். எங்களை இயந்திரமாக்குகிறாய் என்றார்கள். அவர் விட்டுக்கொடுத்து ஒரு வரி சேர்த்தார்: எல்லாம் முடிந்தபின் கண்ணை மூடி அந்தப் பையனைச் சிப்பாயாகக் கற்பனை செய்து ஒரு மதிப்பெண் போடுங்கள். புதிய முறை பழையதைவிட நன்றாக வேலை செய்தது. அவரே எதிர்பாராதது, அந்தக் கண்மூடி மதிப்பெண்ணும் கூட்டுத்தொகைக்குச் சமமாகப் பலித்தது. உள்ளுணர்வு பொய்யில்லை, கடைசியில் வர வேண்டியதை முதலில் வரவிட்டால்தான் கெடுதல். நாமோ ஆள் கதவைத் திறக்கும்போதே கண்ணை மூடிவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. மருத்துவக் கல்லூரிக்கு இன்டர்வியூ வைத்து ஆள் எடுத்த காலத்தை இன்றைய அறுபது வயதுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், 1970-71 சேர்க்கையில் நேர்முகத்துக்கு ஒதுக்கப்பட்ட 75 மதிப்பெண் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1980இல் அஜய் ஹாசியா வழக்கு, ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி பற்றியது. அங்கே எழுத்துக்கு நூறு, நேர்முகத்துக்கு ஐம்பது. ஒருவருக்குக் கிடைத்த நேரம் இரண்டு மூன்று நிமிடம். கேட்டதோ அப்பா யார், வீடு எங்கே. பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத்துக்குக் கொடுப்பது ஏற்கத்தக்கதல்ல என்றது நீதிமன்றம். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு கொண்டுவந்தது. பின்னாளில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதுவே தடையாகிப் போனது வேறு கதை. 2016 ஜனவரி முதல் மத்திய அரசு தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டது. இவ்வளவுக்கும் காரணம் ஆராய்ச்சி முடிவுகள் அல்ல, சிபாரிசு. ஜனங்களுக்கு அறிவியல் தேவைப்படவில்லை. அந்த அறைக்குள் போகும் முன்பே விஷயம் முடிந்துவிடுகிறது என்பதை அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தார்கள்.

காமராஜரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. மருத்துவப் படிப்புக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்படி கொடுத்த விண்ணப்பக் கட்டை அவர் சில நிமிடங்களில் முடித்துத் திருப்பிக் கொடுத்தாராம். எப்படி என்று கேட்டதற்கு, அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கைரேகை வைத்திருந்த விண்ணப்பங்களை எடுத்தேன் என்றாராம். நடந்ததா என்று யாரும் நிறுவ வேண்டியதில்லை. இந்தக் கதையை நம் ஆட்கள் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருப்பதே போதும். ஆளைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்ததுதான் அதில் அவர்களுக்குப் பிடித்த பகுதி.

மிருணாள் சென் 1971இல் 'இன்டர்வியூ' என்றே பெயர் வைத்து ஒரு வங்காளிப் படம் எடுத்தார். கதாநாயகனுக்கு வேலை ஏறக்குறைய நிச்சயம்; கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போனால் போதும். சலவைக்கடைக்காரர்கள் வேலைநிறுத்தம். இரவல் வாங்கிய கோட்டு பேருந்தில் தொலைந்துவிடுகிறது. வேட்டி குர்தாவில் போனவனுக்கு வேலை இல்லை. கல்கத்தாவில் வெள்ளைக்காரர் சிலைகளைப் பெயர்த்து அகற்றும் காட்சிகள் அந்தப் படத்தில் உண்டு. சிலை போனது, கோட்டு போகவில்லை என்பது சென்னின் குத்தல். அதற்கு முந்தைய வருடம் வந்த சத்யஜித் ராயின் 'பிரதித்வந்தி'யில் கதாநாயகன் சித்தார்த்தனிடம், சுதந்திரம் வந்தபோது இங்கிலாந்துப் பிரதமர் யார் என்று கேட்கிறார்கள். யாருடைய சுதந்திரம் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். பத்தாண்டின் பெரிய நிகழ்வு எது என்ற கேள்விக்கு நிலவில் மனிதன் இறங்கியதை விட்டுவிட்டு வியட்நாம் மக்களின் எதிர்ப்பைச் சொல்கிறான். நிலவுப் பயணம் எதிர்பார்த்தது, எளிய மக்களின் அந்தத் துணிச்சல் எதிர்பாராதது என்று காரணமும் சொல்கிறான். நீ கம்யூனிஸ்டா என்கிறார்கள். அதோடு சரி. அந்தக் குழுவின் மனதில் அவனைவிட ஆழமாகப் பதிந்தவர் அன்றைக்கு வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அழுத்தமாகப் பதிவது வேறு, வேலை கிடைப்பது வேறு என்பதை ஆலோசனை சொல்கிறவர்கள் ஒருபோதும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கோட்டின் இடத்தில் இன்று இருப்பது உச்சரிப்பும் இயல்பும். குழுக்கள் மிகவும் விரும்பும் சொல் 'கான்ஃபிடன்ஸ்'. குளிரூட்டிய அறை, சக்கரம் வைத்த நாற்காலி, கண்ணாடிக் கதவு, காப்பி வேண்டுமா என்ற கேள்வி எல்லாம் வீட்டிலேயே பழகியவனுக்கு அங்கே தன்னம்பிக்கை தேவையே இல்லை. அவன் சும்மா இருந்தால் போதும். இதையெல்லாம் கேட்டுக்கூட அறியாத ஒருத்தி அதே அறையில் நடுங்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு மதிப்பெண் இல்லை. நடுக்கம் தெரிந்தால் மட்டும் கழிக்கிறார்கள். டெல்லி ஷாஜகான் சாலையில் தோல்பூர் ஹவுஸில் நடக்கும் யு.பி.எஸ்.சி. ஆளுமைத் தேர்வுக்கு 2025 மதிப்பெண்ணில் 275தான். தாய்மொழியில் பேசவும் வழி வைத்திருக்கிறார்கள். தனியார் நிறுவனங்களின் மாடி அறைகளில் அந்த அளவு பெருந்தன்மைகூட அபூர்வம்.

ஒரு முறை தரப் பரிசோதனைப் பிரிவுக்குப் புதியவர்களை எடுக்கும் குழுவில் இருந்தேன். சிவகாசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். வழக்கமான ஒப்பித்தல், பாதியில் ஒரு வாக்கியம் மறந்து, முதலிலிருந்து மறுபடி. பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு ஆப்செட் அச்சகத்தில் வேலை என்றாள். லீவுக்கு நானும் போவேன் சார், டெய்லி காலண்டர் தாள் எண்ணி அடுக்க. சரி, அச்சில் ஒரு தாள் தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், தமிழிலேயே சொல்லும்மா என்றேன்.

அதற்குப் பிறகு பேசியது வேறு ஆள். தாளின் ஓரத்தில் சின்னதாகக் கூட்டல் குறி இருக்கும் சார், நாலு நிறத்துக்கும் அது ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும், லென்ஸ் வைத்துப் பார்ப்போம். மயிரிழை தள்ளினாலும் முருகனுக்கு ரெண்டு வாய் வந்துவிடும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட்டதும் ஆர்டர் குவியும். வேலை உச்சத்தில் இருக்கும்போது ஐப்பசி மழை வந்துவிடும். ஈரத்தில் காகிதம் விரியும். இன்றைக்கு ஒரு நிறம் அடித்துவிட்டு நாளைக்கு அடுத்தது அடித்தால் பொருந்தாது. அதனால் மழை நாளில் தாள் கட்டைப் பிரித்துப் போடாமல் மூடி வைப்பார்கள். அப்பா தாளைக் காதருகே உதறிப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவார். எனக்கு அது வரவில்லை, நான் லென்ஸை வைத்துத்தான் பார்ப்பேன்.

தரப் பரிசோதனைக்கு வந்த பொறியியல் பட்டதாரி ஒருவரிடம் கேட்க வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது: பிழை எங்கே பிறக்கிறது, எந்தப் பருவத்தில் கூடுகிறது, தன்னால் முடிவது எது, முடியாதது எது. எங்கள் படிவத்தில் 'கம்யூனிகேஷன்' என்ற கட்டம் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் அதில் நாலு போட்டார், பத்துக்கு. நான் எட்டு போட்டேன். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஆறு என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஆறு அவளுடையது அல்ல. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த தூரத்தின் சராசரி.

பழகியவர்களின் பிள்ளைகள் யோசனை கேட்டு வருவார்கள். அவர்களிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். கையால் செய்த வேலை ஒன்றை எடுத்துக்கொள், அது ரேஷன் கடையில் மூட்டை கணக்குப் பார்த்ததாக இருந்தாலும் சரி. அதில் எது கெட்டுப் போகும், நீ எப்படிச் சமாளித்தாய் என்று விவரமாகச் சொல்லிப் பழகு. தெரியாததைத் தெரியாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வாயை மூடு, நீட்டினால்தான் ஆபத்து. மற்றபடி ஷூவைத் துடைத்துக்கொள், கெடுதல் இல்லை. கிடைக்காவிட்டால் உன்னைப் பற்றி ஏதோ தெரிந்துவிட்டதாக நினைக்காதே, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பெற்றோர் ரசிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லாம் முடிந்ததும் குழுத் தலைவர் பெருந்தன்மையாக, எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்பார். அதற்கும் தயார்க் கேள்விகள் இணையத்தில் கிடைக்கின்றன: நிறுவனத்தின் எதிர்காலத் திட்டம் என்ன, வளர வாய்ப்பு எப்படி. ஒரு முறை முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஏற்கெனவே இரண்டு இடத்தில் வேலை பார்த்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "இந்த வேலையில எனக்கு முன்னாடி இருந்தவர் ஏன் சார் போயிட்டார்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போனவர் எதற்காகப் போனார் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தலைவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். ஹெச்.ஆர். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்த முகமாக, கண்ணைப் பார்த்து, 'பெட்டர் ப்ராஸ்பெக்ட்ஸ்' என்றார். கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் எங்களுக்கு எத்தனை மதிப்பெண் போட்டார் என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.